விளையாட்டுப் படப்பிடிப்பும் சூம் கமராவும்

ஆடுகளத்தில் நிகழ்வது ஒரு முறையே நிகழும். நாடகம் மறுநாளும் மேடையேறும். பாட்டு மறுபடியும் பாடப்படும். ஆனால், எல்லைக்கோட்டருகே ஓர் இளைஞன் பாய்ந்து பிடித்த பந்தை இன்னொரு முறை பிடித்துக் காட்டுமாறு எவரும் கேட்க இயலாது. கேட்டாலும், அவன் காட்டுவது நடிப்பாகுமேயன்றி ஆட்டமாகாது. இந்த ஒரு காரணத்தினாலேயே விளையாட்டைப் படம் பிடிக்கும் கலை, திருமணத்தையோ திருவிழாவையோ படம் பிடிக்கும் கலையினின்றும் வேறுபட்டு நிற்கின்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இக்கலைக்கு இடமும் உண்டு, தேவையும் உண்டு. பரி. யோவான் கல்லூரிக்கும் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் இடையே 1904ஆம் ஆண்டு தொடங்கிய துடுப்பாட்டப் போட்டி, வடக்கின் பெரும் போர் என்னும் பெயரோடு இன்றும் பல்லாயிரவரை மைதானத்திற்கு அழைக்கின்றது. போர்க்காலத்தில் அது தடைப்பட்ட ஆண்டுகளும் உள. சென். பத்திரிசியார் கல்லூரியும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியும் மோதும் பொன் அணிகளின் போர் உண்டு. போரினாற் சிதைவுற்றுப் பின்னர் புதுப்பிக்கப்பட்டு, 2016ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் மீண்டும் திறக்கப்பட்ட துரையப்பா விளையாட்டரங்கு உண்டு. கடற்கரைக் கிராமங்களிலே மாலைதோறும் உதைபந்தாட்டம், முற்றங்களிலே கரப்பந்தாட்டம், வயல்வெளிகளிலே மாட்டுவண்டிச் சவாரி. இவற்றையெல்லாம் காண வருவோரிற் பலர் கையிற் கமராவோடு வருகின்றனர். ஆயினும், அவருட் பெரும்பாலோர் வீடு திரும்பிப் பார்க்கும்போது, படத்திற் காண்பது விரிந்த புல்வெளியும் அதன் நடுவே எறும்பு போன்ற சில வெண்புள்ளிகளுமேயாம்.

இக்குறையை நீக்குவதற்குச் சூம் கமரா வேண்டும் என்பது பலர் அறிந்த செய்தி. எத்தகைய சூம், எதற்காகச் சூம் என்பதே பலர் ஆராயாத செய்தி. கடைக்குச் செல்வோர் முதலிற் கேட்கும் கேள்வி, 'எத்தனை மடங்கு சூம்?' என்பதாகும். இக்கேள்வியே வழி தவறியது.

கமராவின் முன்னுள்ள வில்லைக்குக் குவியத்தூரம் என்றோர் அளவு உண்டு. அது மில்லிமீற்றரிற் கூறப்படும். குவியத்தூரம் குறுகினால் காட்சி அகலும். நீண்டால் காட்சி ஒடுங்கிப் பொருள் பெரிதாகும். பழைய நாட்களில் ஒரு வில்லைக்கு ஒரே குவியத்தூரம்தான். அண்மைக் காட்சிக்கு ஒன்று, சேய்மைக் காட்சிக்கு ஒன்று என வில்லைகளை மாற்றி மாற்றிப் பொருத்த வேண்டியிருந்தது. பல கண்ணாடிகளை ஒரு குழாயினுள் முன்னும் பின்னும் நகர்த்தி, ஒரே வில்லையிற் பல குவியத்தூரங்களைப் பெறும் உபாயமே சூம் என்பது. 35 மில்லிமீற்றர் நிழற்படக் கமராவுக்கென முதன்முதலில் விற்பனைக்கு வந்த சூம் வில்லை, 1959ஆம் ஆண்டு வெளிவந்த வொய்க்லாண்டர் சூமர் ஆகும். அதன் வீச்சு 36 மில்லிமீற்றரிலிருந்து 82 மில்லிமீற்றர் வரையே. இன்று கைப்பையில் அடங்கும் கமராக்களும் அதனைப் பன்மடங்கு விஞ்சி நிற்கின்றன.

மடங்கு என்பது மிக நீண்ட குவியத்தூரத்தை மிகக் குறுகிய குவியத்தூரத்தால் வகுத்து வரும் எண் மாத்திரமே. 24 முதல் 240 வரையுள்ள வில்லை பத்து மடங்குச் சூம். 100 முதல் 400 வரையுள்ளது நான்கு மடங்குச் சூம். ஆயினும், தொலைவை நெருக்கிக் காட்டுவதில் நான்கு மடங்கே பத்து மடங்கை வெல்லும். ஆகவே, கேட்க வேண்டிய கேள்வி மடங்கு அன்று. எட்டக்கூடிய மிக நீண்ட குவியத்தூரம் யாது என்பதே. மேலும், எண்முறைச் சூம் என்று பெட்டியின்மேல் அச்சிடப்பட்டிருப்பதைக் கணக்கில் எடுத்தலாகாது. அது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கித் தருவதேயன்றி வேறன்று. அந்த வேலையை வீட்டிலிருந்து ஆறுதலாகவும் செய்யலாம்.

எத்துணைக் குவியத்தூரம் போதும்? இதற்குச் சிறு கணக்கு ஒன்று உதவும். எல்லைக்கோட்டிலிருந்து துடுப்பாட்டக்காரர் ஏறத்தாழ 70 மீற்றர் தொலைவில் நிற்கின்றார் என்று கொள்ளலாம். 36க்கு 24 மில்லிமீற்றர் அளவுள்ள முழுச்சட்டக உணரியைக் கொண்ட கமராவிலே 200 மில்லிமீற்றர் வில்லை பொருத்தினால், படத்தின் உயரத்துள் அவர் ஐந்தில் ஒரு பங்கே இருப்பார். 400 மில்லிமீற்றரில் ஐந்தில் இரண்டு பங்கு. 600 மில்லிமீற்றரில் ஐந்தில் மூன்று பங்கு. ஐந்தில் இரண்டு பங்கு நிறைந்தாலே முகத்தின் குறிப்பும் மட்டையின் வீச்சும் புலனாகும். ஆதலால், துடுப்பாட்டத்திற்கு 400 மில்லிமீற்றரைக் கீழெல்லை எனக் கொள்வது பொருந்தும். உணரி சிறிதாயின் அதே வில்லை இன்னும் நெருக்கிக் காட்டும். ஏ.பி.எஸ்.-சி. என வழங்கும் அளவுள்ள உணரியைக் கொண்ட கமராக்களிற் பலவற்றில் 200 மில்லிமீற்றர் வில்லை 300 மில்லிமீற்றர் போலத் தொழிற்படும்.

உதைபந்தாட்டத்தின் கணக்கு வேறு. அங்கே மூலைக்கோட்டின் அருகில் அமர்ந்திருப்பவருக்கு ஆட்டம் தானே நெருங்கி வரும். 25 மீற்றர் தொலைவில் ஓடிவரும் வீரரை 200 மில்லிமீற்றர் வில்லை தலை முதல் கால் வரை நிறைவாகக் காட்டும். ஆனால், அங்கே வேறொரு வறுமை குறுக்கிடுகின்றது. அதுவே ஒளி வறுமை.

வில்லையின் துவாரத்தை எஃப் என்னும் எண்ணாற் குறிப்பர். எண் சிறிதாயின் துவாரம் பெரிது. புகும் ஒளியும் மிகுதி. எஃப் 2.8 உள்ள வில்லை, எஃப் 6.3 உள்ள வில்லையைவிட ஐந்து மடங்கு ஒளியை உள்ளே விடும். பங்குனி மாதத்து நண்பகலில், முகிலற்ற யாழ்ப்பாண வானத்தின் கீழ், இவ்வேறுபாடு பொருட்டன்று. ஐ.எஸ்.ஓ. 400, துவாரம் எஃப் 5.6 என வைத்தாலும் 1/2000 செக்கன் வேகத்திற்கு வேண்டிய ஒளி தாராளமாகக் கிடைக்கும். ஆனால், மாலை நேரத்து உதைபந்தாட்டம் இறுதிக் கட்டத்தை அடையும்போது சூரியன் பனைகளின் பின்னே இறங்கிவிடும். அப்பொழுது எஃப் 2.8 வில்லை 1/1000 செக்கனில் எடுக்கும் படத்தை எஃப் 6.3 வில்லை 1/200 செக்கனிலேயே எடுக்க இயலும். அந்நேரத்துள் உதைக்கும் கால் பல சென்றிமீற்றர் நகர்ந்து, படத்திற் புகைபோலத் தோன்றும். ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தி ஓரளவு ஈடு செய்யலாம். எனினும், உணரி சிறிதாயின் படம் முழுவதும் மணல் தூவியது போலாகும்.

சுருங்கக் கூறின், துடுப்பாட்டம் தூரத்தைக் கேட்கின்றது. உதைபந்தாட்டம் ஒளியைக் கேட்கின்றது. எந்த ஆட்டத்தை மிகுதியாகப் படம் பிடிக்க விரும்புகின்றோம் என்பதைத் தெளிந்த பின்னரே பணப்பையைத் திறத்தல் வேண்டும்.

சந்தையில் உள்ளவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, வில்லை கழற்ற முடியாதபடி உடலோடு இணைந்த பெருஞ்சூம் கமரா. அவற்றுள் ஒரு சாரார் சிறிய உணரியைக் கொண்டு மிக நெடுந்தூரம் நோக்குவர். 2018ஆம் ஆண்டு வெளிவந்த நிக்கோன் பி1000 என்பது 3000 மில்லிமீற்றருக்கு ஒப்பான நோக்குடையது. நிலவை எடுக்க அது சிறந்தது. ஓடும் வீரரை எடுக்க அத்துணை நீளம் பயன்படாது. அவ்வளவு ஒடுங்கிய காட்சிக்குள் அசையும் பொருளைப் பிடித்து வைத்திருத்தல் ஊசிக் காதினூடே வண்டைத் தொடர்வது போலாகும். மற்றொரு சாரார் சற்றுப் பெரிய உணரியைக் கொண்டு 400 அல்லது 600 மில்லிமீற்றருக்கு ஒப்பான அளவோடு நிற்பர். 2017ஆம் ஆண்டு வெளிவந்த சோனி ஆர்.எக்ஸ்.10 நான்காம் மாதிரி இவ்வகையினது. 24 முதல் 600 வரை நோக்குவதும் செக்கனுக்கு 24 படங்கள் எடுப்பதும் அதன் சிறப்பு. ஒரே கமரா, ஒரே பை, தூசி புகும் வாயிலும் இல்லை. பாடசாலைக்கும் குடும்பத்திற்கும் இவ்வகை பெரிதும் ஏற்றது.

இரண்டாவது, வில்லை மாற்றக்கூடிய கமராவும் 70 முதல் 300, அல்லது 100 முதல் 400 வரையுள்ள சாதாரண சூம் வில்லையும். பகல் ஆட்டங்களுக்கு இது போதுமானது. மூன்றாவது, எஃப் 2.8 துவாரமுள்ள 70 முதல் 200 வரையிலான வில்லை. மாலை ஆட்டத்திற்கும் உள்ளரங்கப் பூப்பந்தாட்டத்திற்கும் இதனை மிஞ்சிய துணை இல்லை. ஆனால், இதன் விலையும் பாரமும் ஒருங்கே கையை அழுத்தும். பத்திரிகைத் தொழிலர் அல்லாத ஒருவர், பழைய கமரா உடலைப் பழுது பாராது வைத்துக்கொண்டு நல்ல வில்லைக்குப் பணத்தைச் செலவிடுதலே அறிவுடைமை. உடல் சில ஆண்டுகளிற் பழையதாகும்; நல்ல வில்லை தலைமுறை கடந்தும் உழைக்கும்.

குடாநாட்டு வீடுகளிற் பல கமராக்கள் கடையிலிருந்து வருவதில்லை. ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் அண்ணனோ மாமாவோ அனுப்ப வருகின்றன. அனுப்புவோர் அன்பை அளந்து அனுப்புவர். குவியத்தூரத்தை அளந்து அனுப்புவதில்லை. மெகாபிக்சல் மிகுந்தது என்ற ஒரே எண்ணத்தால் வாங்கி அனுப்பிய கமரா, மைதானத்தில் உதவாமற் போவதுண்டு. ஆகவே, தருவோர் கேட்கும் முன்னரே, எந்த ஆட்டம், எத்துணைத் தூரம், எந்நேரம் என்பவற்றைத் தெளிவாக எழுதித் தெரிவித்தல் இரு சாராருக்கும் நன்று. வெளிநாட்டில் வாங்கிய பொருளின் உத்தரவாதம் இங்கே செல்லுபடியாகுமா என்பதையும் விசாரித்தல் வேண்டும்.

கைமாறிய பொருளை வாங்குவோர், வில்லையின் பின்புறமாக மின்சூளைப் பாய்ச்சி முன்புறமாக நோக்குக. சிலந்தி வலை போன்ற இழைகள் தென்பட்டால் அது பூஞ்சணம். அப்பொருளை விட்டுவிடுதலே நலம். வீதியிற் செல்லும் துவிச்சக்கர வண்டியொன்றை மிக நீண்ட குவியத்தூரத்தில் நோக்கி, கமரா அதனைத் தொடர்ந்து கூர்மையாகக் காட்டுகின்றதா என்றும் பரீட்சித்தல் வேண்டும். அசையாத பூச்சாடியைக் கூர்மையாகக் காட்டும் கமரா, அசையும் வண்டியிடத்துத் தடுமாறக்கூடும்.

இனி, பயன்படுத்தும் முறை. வேகமே முதலாவது. மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து ஒரு செக்கனில் 30 மீற்றருக்குச் சற்று மேலாகச் செல்லும். 1/500 செக்கனில் அது ஏறத்தாழத் தன் குறுக்களவு தூரமே நகர்ந்துவிடும். படத்திற் பந்து முட்டையாகும். 1/2000 செக்கனில் ஒன்றரைச் சென்றிமீற்றரே நகரும். பந்து பந்தாகவே நிற்கும். கை நடுக்கத்தைத் தணிக்கும் அமைப்பு இன்று பெரும்பாலான கமராக்களில் உண்டு. அது பிடிப்பவரின் கையை நிறுத்துமேயன்றி ஓடுபவரின் காலை நிறுத்தாது என்பதை மறத்தலாகாது. ஒலியெழுப்பாத மின்னணுச் சட்டரைப் பயன்படுத்தினால், வேகமாக வீசும் மட்டை சில கமராக்களில் வளைந்து தோன்றும். ஆகவே, இயந்திரச் சட்டரையே நாடுதல் நன்று. குவியத்தைத் தொடர்ந்து திருத்தும் முறையைத் தெரிவு செய்து, பொத்தானை அரைவாசி அழுத்தியபடி பொருளைத் தொடர்தல் வேண்டும்.

வேகம் குறைந்த கமராவை உடையோர் மனந்தளர வேண்டியதில்லை. இயற்கையே ஓர் உதவி செய்கின்றது. மேல்நோக்கித் தாவும் உடல், உச்சியை நெருங்க நெருங்க மெதுவாகி, உச்சியிற் கணநேரம் நின்று, பின் இறங்குகின்றது. தாவல் நேரத்திற் சரிபாதி, உயரத்தின் மேற்காற்பங்கிலேயே கழிகின்றது. உயரம் பாய்தலிலும் கரப்பந்தாட்ட அடியிலும் அந்தக் கணத்திற்குக் காத்திருப்போருக்குக் குறைந்த வேகமும் போதும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவராயிருந்த நா. எதிர்வீரசிங்கம் 1958ஆம் ஆண்டு தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலிற் பொற்பதக்கம் வென்ற காலத்தில், தானாகக் குவியம் திருத்தும் கமரா இல்லை. ஒரு சுருளில் 36 படங்களே அமையும். அக்காலத்துப் படப்பிடிப்பாளர் விரலால் எடுத்ததிலும் பொறுமையால் எடுத்ததே மிகுதி.

சூம் வளையத்தைத் திருகும் வேளையும் அறிய வேண்டுவது. பந்து வருகையில் திருகுதல் தவறு. கண் ஒன்றையும் கை ஒன்றையும் நாட, இரண்டும் தப்பும். பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கு முன்னரே சட்டகத்தைத் தீர்மானித்துக் கொள்க. ஆளைச் சுற்றிச் சிறிது வெளி இருத்தல் வேண்டும். மட்டை ஓங்குவதற்கும் கை விரிவதற்கும் அவ்விடம் வேண்டும். குவியத்தூரத்தை மாற்றியபின் குவியத்தை மறுபடி திருத்துக. பந்தைத் துரத்துவதினும், பந்து சென்று சேரும் இடத்தில் நிற்பவரை நோக்கிக் காத்திருப்பதே பயன் தரும்.

நிற்கும் இடம் வில்லையைப் போலவே முக்கியமானது. வலக்கைத் துடுப்பாட்டக்காரர் தம் இடத்தோளைப் பந்துவீச்சாளருக்குக் காட்டி, பக்கவாட்டாக நிற்பர். மைதானத்தின் ஒரு பக்கத்தில் இருப்பவருக்கு ஓர் ஓவரில் அவர் முகமும், முனை மாறியதும் அடுத்த ஓவரில் அவர் முதுகும் தெரியும். ஆகவே, முகம் தெரியும் ஓவரில் துடுப்பாட்டக்காரரையும், முதுகு தெரியும் ஓவரில் களத்தடுப்பாளரையும் இலக்குக் காப்பாளரையும் எடுத்தல் காலத்தை வீணாக்காத முறை. துடுப்பாட்டக்காரர் பந்தைக் காண்பதற்கென நிறுத்தப்பட்ட வெண்திரையின் முன்னே எக்காரணம் கொண்டும் நடமாடலாகாது. ஒரு படத்திற்காக ஓர் இளைஞனின் இலக்கு வீழ்தல் தகாது.

பங்குனிச் சூரியன் நண்பகலில் ஏறத்தாழத் தலைக்கு நேரே நிற்கும். அப்பொழுது தொப்பியின் நிழல் கண்ணை மூடும். வெண்ணிற உடையை அளந்து ஒளியைத் தீர்மானிக்கும் கமரா, முகத்தை மேலும் கருக்கிவிடும். முகத்திற்கேற்ப ஒளியைச் சற்று மிகுதியாக விடுக. ஆயினும் உடையின் மடிப்புகள் மறையாதபடி அளவோடு விடுக. காலை ஆட்டத்தின் முதல் மணியும் மாலை ஆட்டத்தின் இறுதி மணியும் படத்திற்கு ஏற்றவை. சூடேறிய தரையிலிருந்து எழும் கானல், நெடுந்தூரப் படத்தை நெளியச் செய்யும். அதற்கு விலையுயர்ந்த வில்லையும் மருந்தாகாது. அவ்வேளையில் அருகிலுள்ளவற்றை எடுத்தலே தகும். பார்வையாளரின் முகங்களும், எண்பலகையை மாற்றும் சிறுவனும், சங்கீதக் குழுவினரும் ஆட்டத்தின் பகுதியே.

வேகத்தை உறைய வைப்பதே எப்பொழுதும் நோக்கமன்று. மாட்டுவண்டிச் சவாரியை 1/2000 செக்கனில் எடுத்தால், சில்லின் ஆரைகள் ஒவ்வொன்றும் தெளிந்து, வண்டி தரித்து நிற்பது போலத் தோன்றும். 1/60 செக்கனில், காளையின் வேகத்திற்கேற்ப இடுப்பைத் திருப்பிக் கமராவைக் கொண்டு சென்றால், காளையும் சாரதியும் தெளிவாயிருக்க, பின்னுள்ள பனந்தோப்பு கோடுகளாய் ஓடும். பத்துப் படத்தில் ஒன்றே தேறும். தேறிய ஒன்று ஒன்பதிற்கும் ஈடாகும்.

பாதுகாப்பும் ஒரு பாடம். சோளகக் காற்றில் எழும் செம்மண் தூசி வில்லையின் மூட்டுகளுட் புகும். வில்லையை மாற்றும்போது காற்றுக்கு முதுகைக் காட்டி, கமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்தல் வேண்டும். கடற்கரை ஆட்டத்தின் பின் உப்பீரத்தை மெல்லிய துணியாற் துடைத்தல் வேண்டும். மாரிகாலத்தில் தோற்பையுள் அடைத்து வைத்த வில்லையிற் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத பெட்டியில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வைத்தல் வேண்டும்.

எடுத்த படத்தைக் காத்தல் எடுத்தலினும் பெரிது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வில் மக்கள் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு நடந்தனர்; சுவரிலே தொங்கிய படங்கள் சுவரிலேயே நின்றன. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக வைக்கப்பட்டது எளிதில் அழியும் என்பதை இம்மண் போல் அறிந்த மண் வேறில்லை. இன்று பிரதி எடுப்பது எளிது. ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி பாடசாலையில், ஒரு பிரதி வேற்றூரில் என வைத்தல் வேண்டும். ஒவ்வொரு படத்தோடும் நாள், மைதானம், ஆடியோர் பெயர் ஆகியவற்றை எழுதி வைத்தல் வேண்டும். பெயரில்லாத படம் ஐம்பது ஆண்டுகளின் பின் எவருக்கும் உறவில்லாத படமாகும்.

பாடசாலை மைதானத்தில் இன்று காற்சட்டை கசங்கப் பந்து வீசும் சிறுவன் நாளை எவ்வாறு ஆவான் என்பதை எவரும் அறியார். மத்திய கல்லூரியிற் பயின்ற விஜயகாந்த் வியாஸ்காந்த், 2024ஆம் ஆண்டு இந்தியன் பிரீமியர் லீக் போட்டியில் ஐதராபாத் அணிக்காகப் பந்து வீசினார். அத்தகையோரின் பள்ளிக்காலப் படங்கள் பின்னாளிற் பெறும் மதிப்பு சொல்லாமலே விளங்கும். அவ்வாறு புகழடையாத மற்றைப் பதின்மரின் படங்களோ அவரவர் இல்லத்திற்கு அதனினும் மதிப்புடையன.

அதனாலேதான் படப்பிடிப்பாளருக்கு ஒழுக்கமும் வேண்டும். காயமுற்று வீழ்ந்தவரின் வேதனையையும், தோற்று அழும் சிறுவனின் முகத்தையும் ஊரெங்கும் பரப்புதல் கலையன்று. மாணவியரின் தடகளப் போட்டிகளிற் பாடசாலையின் இசைவும் பெற்றோரின் இசைவும் பெற்றே படம் எடுத்தல் வேண்டும். நீண்ட வில்லை தூரத்தை ஒழிக்கின்றது. மரியாதையை ஒழிக்கும் உரிமையை அது எவருக்கும் அளிப்பதில்லை.

ஓட்டங்களையும் இலக்குகளையும் புள்ளிப் புத்தகம் பதிந்து வைக்கும். பூச்சியத்தோடு ஆட்டமிழந்து திரும்பும் நண்பனின் தோளில் அடுத்து ஆட வருபவன் கை வைத்துச் சென்றதைப் புள்ளிப் புத்தகம் பதிவதில்லை. அதனைப் பதிவதற்கே கமரா. அடுத்த பங்குனியில் மைதானத்திற்குச் செல்வோர், வில்லையின் நீளத்தை அளந்து கொண்டு செல்வதோடு, அத்தகைய கணங்களைக் காணும் கண்ணையும் உடன்கொண்டு செல்வாராக.